கத்திரி நாற்றும் ஒரு வாளி விஷமும்

டெலிபோன் அடித்தது.

ஈப்போவில் சட்டை தைக்கும் ஃபேக்டரி அது. அங்கே டெலிபோன் சூப்பர்வைசர் கார்த்திகேசுவின் மேசையில் இருக்கும். தையல்காரப் பெண்களுக்கு அழைப்பு வந்தால், தன் சொத்தை எழுதிக் கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டுதான் ரிசீவரை நீட்டுவார்.

"மங்களம், உனக்குத்தான். வீட்டுக் கதை பேசாம சீக்கிரம் வை. இது உங்கப்பா வச்ச ஃபேக்டரி இல்ல."

"உங்கப்பா வச்சதும் இல்லையே சார்," என்றபடி மங்களம் ரிசீவரை வாங்கினாள்.

இருபத்து நான்கு வயது. வாய்க்கு மட்டும் நாற்பது.

மறுமுனையில் காளியம்மா. தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரி. மளிகைக் கடை டெலிபோனில் இருந்து பேசினாள். மூச்சு வாங்கியது.

"மங்களம்... பதறாம கேளு. சன்னாசி செத்துட்டாரு."

"எந்த சன்னாசி? நம்ம நாத்துக் கொட்டாய் சன்னாசி மாமாவா?"

"அவருதான். விடிஞ்சு பாத்தா கொட்டாய்ல கெடந்தாரு. வாயெல்லாம் நொரை. கோப்பியில பூச்சி மருந்தைக் கலந்துட்டாங்களாம்."

"அடப்பாவமே. யாரு கலந்தா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"காளியம்மாக்கா, யாரு கலந்தாங்கறேன்?"

"உங்கம்மாவைப் போலீஸ் மாத்தா வந்து புடிச்சிட்டுப் போயிட்டாங்க தாயி..."

மங்களம் ரிசீவரை வைக்கவில்லை. அது மேசை விளிம்பில் தொங்கி ஆடியது. கார்த்திகேசு எதையோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

* * *

பதினோராங்கட்டைத் தோட்டம்.

பெயர்தான் தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, நிலத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டு, வெள்ளைக்காரக் கம்பெனி எப்போதோ கப்பல் ஏறிவிட்டது. பால் மரம் சீவியவர்களில் போக்கிடம் உள்ளவர்கள் ஈப்போவுக்கும் சுங்காய்க்கும் போனார்கள். மற்றவர்கள் பழைய லயத்து வரிசை வீடுகளிலேயே தங்கி, ஆளுக்கொரு துண்டு நிலத்தில் கத்திரி போட்டு மார்க்கெட்டுக்கு லாரி ஏற்றினார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். யார் நிலமானாலும் முதல் நாற்றை மங்களத்தின் அம்மா இருளாயிதான் நட வேண்டும். கைராசிக்காரி! அவள் தொட்டு நட்டால் குச்சியும் காய்க்கும் என்று ஊரே சொல்லியது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துப் போவார்கள்.

அப்புறம் வண்டு வந்தது.

நட்ட நாற்றெல்லாம் ஒரே வாரத்தில் சல்லடை. மறுபோகமும் சல்லடை. வேரை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் நட்டார்கள். முக்கியும் பயனில்லை.

சந்தேகம் எதன் மேல் வந்திருக்க வேண்டும்? மருந்தின் மேல். எதன் மேல் வந்தது? இருளாயியின் கை மேல்! மருந்துப் போத்தலில் இங்கிலீஷ் எழுத்து இருந்தது. இருளாயியின் கையில் என்ன இருந்தது? வெறும் ரேகை.

முனியாண்டி சாமி முன்னால் ஊர் கூடியிருந்தபோது சன்னாசிதான் எழுந்து நின்று சொன்னார். அவருக்குத்தான் பெரிய நிலம், பெரிய நஷ்டம். "இனிமே அந்தக் கை என் நெலத்துல படக்கூடாது." இருளாயி எழுந்து போனாள். ஒரு மாதம் ஆகவில்லை, சன்னாசி பிணம்.

போலீசுக்கு வேறென்ன வேண்டும்? இலையில் சோறு வைத்து, குழம்பும் ஊற்றிக் கொடுத்தாயிற்று!

* * *

போலீஸ் ஸ்டேஷன். சார்ஜன் பெயர் ஐயாவு, நாற்காலி நிறைய உடம்பு. மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு போத்தல்.

"இது உங்கம்மாதுதானே? பாரு, கழுத்துல மஞ்சத் துணி."

மங்களம் பார்த்தாள். அம்மாவுடையதுதான். புதுப் போத்தல் வாங்கினால் முனியாண்டி காலடியில் வைத்து, கழுத்தில் மஞ்சள் துணி கட்டித்தான் திறப்பாள். லயம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"அம்மாதுதான். கொட்டாய்லதான் எப்பவும் இருக்கும். எல்லாரு போத்தலும் அங்கதான் இருக்கும்."

"எல்லாரு போத்தலும் பலகை மேல இருந்துச்சு. உங்கம்மா போத்தல் மட்டும் பொணத்துப் பக்கத்துல இருந்துச்சு. நடந்தா வந்துச்சு?"

"கொலை பண்றவ மஞ்சத் துணி கட்டின போத்தலை அங்கேயே விட்டுட்டு வருவாளா சார்ஜன்? எங்கம்மா படிக்கல. பைத்தியம் இல்ல."

"எல்லாக் கொலைகாரனும் புத்திசாலியா இருந்தா எனக்குப் பொழப்பு ஓடாதுலா." ஐயாவு கொட்டாவி விட்டார். "மோந்து பாத்தேன். அதே வாடை. சன்னாசி கோப்பியிலயும் அதே வாடை."

"மோந்து பாத்தே கேசை முடிச்சிட்டீங்களா?"

"கெமிஸ்ட்டுக்கு அனுப்புவோம். பதில் வர மாசக்கணக்குல ஆகும். அது வரும்போது வரட்டும். திங்கக்கிழமை கோர்ட்டு. கொலைக் கேசு, ஜாமீன் கெடையாது. பொறவு தைப்பிங் ஜெயிலு. பொறவு..." அவர் கை தானாகக் கழுத்துப் பக்கம் போய் வந்தது.

மங்களம் அந்தக் கையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அம்மாவைப் பாக்கணும்."

"பாரு. சோறு குடுத்தா திங்க மாட்டேங்குது. சுசாலா, பெரிய தொல்லை இந்தக் கெழவியால."

இருளாயி கம்பிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கலக்கல தாயி."

"எனக்குத் தெரியும்மா."

"ஆனா சன்னாசி சொன்னது நெசந்தானோ என்னமோ. எங்கை தொட்டதெல்லாம் வீணாத்தான் போவுது. செடி போச்சு. இப்ப எம்போத்தலால ஒரு உசுரும் போச்சு."

மங்களத்துக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஊர் சொன்ன பொய்யை இவளும் நம்பிவிட்டாளே!

"இந்தக் கையாலதான் எனக்குச் சோறு ஊட்டுன. நான் வீணாவா போயிட்டேன்?"

இருளாயி மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாய் மட்டும் கொஞ்சம் வீணாப் போயிருக்கு."

அந்த நிலையிலும் மங்களம் சிரித்துவிட்டாள். வெளியே வந்த பிறகுதான் அழுதாள்.

* * *

சனிக்கிழமை காலை. அம்மா நட்ட கத்திரிப் பாத்தியின் ஓரத்தில் மங்களம் நின்றாள்.

தோட்டத்தில் பிறந்தவள்தான். ஆனால் படிப்பு, ஈப்போ, தையல் மெஷின் என்று போனவளுக்குக் கத்திரிச் செடிக்கும் சுண்டைச் செடிக்கும் கூட சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஓட்டை தெரியும். இலைக்கு இலை ஓட்டை இருந்தது.

வெள்ளை டட்சன் கார் வந்து நின்றது.

இறங்கியவர் ஜெயபாலன். வெள்ளைச் சட்டை, தங்க மோதிரம், நெற்றியில் கலையாத விபூதி. டவுனில் பூச்சி மருந்துக் கடை. சுற்று வட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் அவர் மருந்துதான். கோயிலுக்கும் அவரே தலைவர். மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்க ஆள் வைக்க வேண்டும்.

"மனசைத் தேத்திக்க தங்கச்சி. சன்னாசி வீட்டுக்குத்தான் வாரேன். ஒன்னைப் பாத்ததும் நின்னுட்டேன். உங்கம்மா இப்படிப் பண்ணும்னு யாரு நெனச்சா?"

"நான் நெனக்கல அண்ணே."

"கோபம். பொம்பளைக் கோபம்."

"அண்ணே, எனக்கு இந்த வேலையெல்லாம் தெரியாது. இந்த மருந்தை வச்சி என்ன பண்ணுவாங்க?"

ஜெயபாலன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேட்பவர் ஒருத்தர் இருந்தாலும் அவருக்கு அது கூட்டம்தான்.

"நாத்தைப் புடுங்கி, நடறதுக்கு முன்னாடியே வேரை மருந்துத் தண்ணியில முக்கி எடுக்கணும். வேரு மருந்தைக் குடிச்சிரும். பொறவு நட்டா, செடி புடிச்சு வளர்ற வரைக்கும் ஒரு வண்டு கிட்ட வராது. நட்டப்புறம் மருந்தடிக்கிறதெல்லாம் வீட்டுல திருடன் பூந்தப்புறம் கதவைச் சாத்தற மாதிரி. முன்னாடியே காவல் போடணும். அதான் நம்ம மருந்து."

"அவ்வளவு வீரியமா?"

"என்னா அப்படிக் கேக்கற? ஒரு மொடக்கு உள்ள போனா யானை சாஞ்சிரும். சன்னாசி எம்மாத்திரம்?"

மங்களம் ஒரு இலையைக் கிள்ளி அவர் முன்னால் நீட்டினாள்.

"இதையும் அதே போத்தல் மருந்துல முக்கித்தான் நட்டாங்களாம்."

ஜெயபாலன் இலையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார்.

"மருந்து மேல குத்தம் இல்ல தங்கச்சி. சொன்னா வருத்தப்படுவ. கைராசி."

கார் போய்விட்டது. மங்களம் கையில் இருந்த இலையைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. செத்த வண்டு அல்ல. தின்று கொழுத்த வண்டு! அவள் ஊதியதும் சாவகாசமாகப் பறந்து பக்கத்துச் செடியில் உட்கார்ந்தது.

மங்களம் அதையே பார்த்தாள்.

யானையைச் சாய்க்கும் மருந்து. சன்னாசியைச் சாய்த்த மருந்து. அதே போத்தல்... இந்த வண்டுக்கு ஏப்பம் மட்டும்தான் வந்ததா?

* * *

சன்னாசியின் நிலம் அவர் வீட்டுக் கொல்லையை ஒட்டியிருந்தது. அதுவும் சல்லடைதான்.

ஒரே ஒரு வரிசையைத் தவிர!

அந்த வரிசையில் இலைக்கு இலை கரும்பச்சை. ஊசி முனை அளவு ஓட்டை கூட இல்லை. மங்களம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"எதுக்கு வந்த? மிச்சம் யாரு உசுரோட இருக்காங்கன்னு எண்ணிட்டுப் போகவா?"

சன்னாசியின் மனைவி செல்லாயி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பிணம் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்து வரவில்லை.

"சின்னம்மா, இந்த வரிசை மட்டும்..."

"நல்லாப் பாரு. உங்கம்மா கை படாத வரிசை அது. அவரே நட்டாரு. எப்படி நிக்குது பாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"நல்லாத்தான் நிக்குது. இதுக்கு எந்த மருந்துல முக்கினாரு?"

"சித்தியவான்ல என் தம்பி வாங்கிக் குடுத்த மருந்து. ஜெயபாலன் கடை அன்னைக்குப் பூட்டியிருந்துச்சு."

"அப்ப கையும் வேற, மருந்தும் வேற."

"ஆமா."

"கையை மட்டும் ஏன் சின்னம்மா புடிச்சீங்க?"

செல்லாயி மறுபடி அந்த வரிசையைப் பார்த்தாள். இப்போது வேறு மாதிரி பார்த்தாள்.

"மாமா இந்த வரிசையைப் பாத்து என்ன சொன்னாரு?"

"என்னத்தைச் சொன்னாரு... இங்கேயே வந்து வந்து நின்னாரு. 'இருளாயி கால்ல விழணும் போல இருக்கு புள்ள'ன்னாரு. எனக்குப் புரியல. ஞாயித்துக்கெழம கோயில் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசப் போறேன்னாரு. அதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட இந்தப் போத்தலைக் காட்டி ஞாயம் கேக்கணும்னு சொல்லி, அன்னைக்கு விடியக்காலம் கொட்டாய்க்கு எடுத்துக்கிட்டுப் போனாரு."

"யாருகிட்டன்னு சொன்னாரா?"

"சொல்லல."

"சித்தியவான் போத்தல் இப்ப எங்க?"

"காணோம்."

"இதையெல்லாம் சார்ஜன்கிட்ட சொன்னீங்களா?"

"அந்தாளு எங்க கேட்டாரு? யாரு மேல சந்தேகம்னாரு. இருளாயின்னேன். எழுதிக்கிட்டுக் கெளம்பிட்டாரு."

செல்லாயி பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள். புருஷனுக்காகவா, இருளாயிக்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

* * *

"வண்டு உசுரோட இருக்கு சார்ஜன்."

ஐயாவு சிரித்தார். வயிறு மேசையில் இடித்தது.

"அதைச் சாட்சிக் கூண்டுல ஏத்தலாமா?"

"ஏத்துங்க. உங்களைவிட ஒழுங்கா வேலை பாத்திருக்கு."

"இந்தா, பாலாய்ல வந்து காச்சாவ் பண்ணாத பொண்ணு. இது போலீஸ் ஸ்டேஷன், கலாட்டாவுக்கு வேற எடம் பாரு."

மங்களம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"எங்கம்மா போத்தல் மருந்து ஒரு வண்டைக் கொல்லல. லயத்துல யாரு வாங்கின மருந்தும் கொல்லல. எல்லாம் ஜெயபாலன் கடை மருந்து. வாடைக்கு நாலு சொட்டு அசல், மிச்சம் தண்ணி. சித்தியவான் மருந்துல முக்கி நட்ட ஒரு வரிசை மட்டும் அப்படியே நிக்குது. சன்னாசி மாமா அதைக் கண்டுபுடிச்சாரு. கோயில் தலைவரைக் கோயில்லயே நாறடிக்கப் போனாரு. அசல் போத்தலையும் கையில எடுத்துக்கிட்டுத்தான் கொட்டாய்க்குப் போனாரு. இப்ப ஆளும் இல்ல, போத்தலும் இல்ல. பழி எங்கம்மா மேல விழ, தண்ணிப் போத்தல் மட்டும் பொணத்துப் பக்கத்துல இருக்கு."

ஐயாவு சிரிப்பதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. பிளாஸ்டிக் பைக்குள் இருந்த போத்தலைப் பார்த்தார். மோந்து பார்த்த மூக்கைத் தடவிக்கொண்டார்.

"ஜெயபாலன் பெரிய மனுஷன்லா. பெரிய பெரிய ஆளுங்களோட படம் புடிச்சிக் கடையில மாட்டியிருக்காரு. வண்டையும் வரிசையையும் காட்டி அவர் மேல கை வச்சா என்னைத் தூக்கிக் காட்டுக்குள்ள போட்டுருவாங்க."

"நீங்க கை வைக்க வேணாம். அவரையே கை வைக்கச் சொல்லுவோம்."

"என்னா?"

"நாளைக்கு அவரைக் கொட்டாய்க்குக் கூப்பிடுங்க. கோர்ட்டுல சொல்றதுக்கு நிபுணர் சாட்சி வேணும், நாத்து முக்கறதைச் செஞ்சு காட்டணும்னு சொல்லுங்க. ஊரே பாக்க வரும்னும் சொல்லுங்க. பறந்து வருவாரு."

மங்களம் முன்னால் சாய்ந்து மீதியைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஐயாவு கேட்டார். புருவம் மேலே போனது. கீழே வர நேரமாயிற்று.

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா, இவ்வளவு நாளா என்ன செஞ்சீங்களோ அதையே செய்ங்க. அதாவது, ஒன்னும் செய்யாதீங்க."

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்றுக் கொட்டகையில் திருவிழாக் கூட்டம்.

லயமே திரண்டு வந்திருந்தது. போலீஸ் ஜீப்பின் பின்பக்கம் விலங்கு மாட்டிய கையோடு இருளாயி. யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்கள்தான் அத்தனை பேரும்! செல்லாயி மட்டும் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

நடுவில் ஒரு வாளி. வாளி நிறைய பால்போல வெள்ளைத் தண்ணீர். மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. பக்கத்தில் கட்டுக்கட்டாகக் கத்திரி நாற்று.

ஜெயபாலன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மைக் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

"பாத்து தவுக்கே," என்று கடை முதலாளியை எச்சரித்தார் ஐயாவு. கையில் பிளாஸ்டிக் பை. மஞ்சள் துணி எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "இந்த இருளாயி போத்தல் மருந்தைத்தான் வாளியில கலந்திருக்கோம். சன்னாசியைக் கொன்ன அதே மருந்து."

"நம்ம மருந்துதானே சார்ஜன். நம்மளை ஒன்னும் பண்ணாது."

கடிகாரத்தைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். சட்டைக் கையை மேலே சுருட்டினார். ஒரு கட்டு நாற்றை எடுத்து, முழங்கை வரை வாளிக்குள் விட்டு முக்கினார்.

"இப்படி... வேரு முழுசா நனையணும். நல்லா ஆட்டணும். பொறவு எடுத்து ஒதறணும்." உதறினார். முகத்திலும் மீசையிலும் தெறித்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டை எடுத்தார். "இதைத்தான் நான் பல வருஷமா சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். செய்யறவங்க ஒழுங்கா செய்யணும். மருந்தைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல."

"அண்ணே," என்றாள் மங்களம்.

"சொல்லு தங்கச்சி."

"ஒரு மொடக்குல யானை சாயும்னு நேத்துதான் சொன்னீங்க. இப்ப வெறுங்கையை விட்டு ஆட்டறீங்க. வாயை வேற தொடைக்கிறீங்க. பயமா இல்லையா?"

வாளிக்குள் கை நின்றது.

பின்வரிசை எட்டிப் பார்த்தது.

"அது... பழக்கம் தங்கச்சி. தொழில்காரன் கை."

"தொழில்காரன் கைதான். உள்ள இருக்கறது தண்ணின்னு தெரிஞ்ச கை."

"என்ன ஒளர்ற நீ? தண்ணியா இருந்தா உங்கம்மா எப்படி அந்தாளைக் கொன்னா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

காளியம்மா கையை வாயில் வைத்தாள். தண்ணி... தண்ணியா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சல்லடையாகிப்போன இரண்டு போகமும் அந்தப் பார்வைகளில் இருந்தது.

ஜெயபாலன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "சார்ஜன், இந்தப் பொண்ணு..."

"பேசட்டும் தவுக்கே."

மங்களம் வாளிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். அவர் காதுக்கு மட்டும் சொல்வதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நீங்க பயப்படாததும் சரிதாண்ணே. எங்கம்மா போத்தல்ல தண்ணிதான் இருக்கு. ஆனா வாளியில இருக்கறது எங்கம்மா போத்தல் மருந்து இல்ல. சார்ஜன் சும்மா சொன்னாரு. சித்தியவான் போத்தல் கெடைச்சிருச்சு. நீங்க போட்ட எடத்துலேர்ந்து காலையிலதான் எடுத்தாங்க. மிச்சம் இருந்ததை ஒரு சொட்டு விடாம ஊத்திட்டோம்."

ஜெயபாலனின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை.

கையை வெளியே இழுத்தார். பார்த்தார். விரல் நுனியில் இருந்து வெள்ளையாகச் சொட்டியது. மீசையைத் தொடப்போய், தொடாமல் நிறுத்தினார்.

பிறகு ஓடினார்!

மூலையில் இருந்த தண்ணீர்த் தொம்புக்கு ஓடினார். தொம்பு காலி. மங்களம் விடியற்காலையிலேயே கவிழ்த்துக் காலி செய்திருந்தாள். மண்ணில் விழுந்து மண்ணை அள்ளிக் கையில் தேய்த்தார், உதட்டில் தேய்த்தார், துப்பினார். விபூதி எல்லாம் மண்ணாயிற்று.

"சோப்பு... யாராச்சும் சோப்பு குடுங்கலா... காரை எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்..."

ஐயாவு அசையாமல் நின்றார்.

"என்ன அவசரம் தவுக்கே? கையிலதானே பட்டுச்சு."

"வாயில பட்டுச்சுய்யா! உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு மொடக்குதான்... சன்னாசி கோப்பையைக் கீழ வைக்கல, அதுக்குள்ள சுருண்டு விழுந்தான்... எங்கண்ணு முன்னாடி..."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது.

செல்லாயி ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு கண்ணு முன்னாடி?" என்றார் ஐயாவு, ரொம்ப மரியாதையாக.

ஜெயபாலனின் உதடு மட்டும் தானாக முணுமுணுத்தது.

"கல்லைக் கட்டித்தானே போத்தலைப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில போட்டேன்... அது எப்படி மேல வந்துச்சு..."

"வரல தவுக்கே. இன்னும் குட்டையிலதான் கெடக்கு. எங்க தேடறதுன்னு தெரியாம நேத்தெல்லாம் முழிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க. உபகாரம்."

ஐயாவு ஜீப்புக்குப் போனார். இருளாயியின் கையில் இருந்த விலங்கைக் கழற்றினார். ஏதோ சொல்ல வேண்டும்போல நின்றார். மன்னிப்பு என்பது அந்தத் தொண்டையில் பழக்கப்படாத சாமான். தொப்பியை மட்டும் சரி செய்துகொண்டு திரும்பி வந்து, அதே விலங்கை மண் அப்பிய கைகளில் மாட்டினார்.

இருளாயி கீழே இறங்கினாள். மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். செல்லாயி அந்தக் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு உடைந்து அழுதாள். இருளாயி இழுத்துக்கொள்ளவில்லை. அழட்டும் என்று விட்டாள்.

காளியம்மா மெல்ல நெருங்கினாள். "இருளாயி... அடுத்த வாரம் நம்ம வீட்டு நாத்து நடணும்..."

"ஓங்கை என்ன, சந்தைக்குப் போயிருக்கா? நீயே நடு."

மங்களத்துக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டாள். அவ்வளவு பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி கட்டிக்கொண்டு அழுதாள்.

"தங்கச்சி..."

தரையில் இருந்து குரல். ஜெயபாலன் விலங்கோடு மண்டியிட்டு, இன்னும் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் ஒத்துக்கறேன். என்னைய ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போகச் சொல்லு... நாக்கெல்லாம் எரியுது... நெஞ்சை அடைக்குது..."

மங்களம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள். அதில் இருந்ததைப் பக்கத்தில் இருந்த கத்திரி நாற்றின் வேரில் நிதானமாக ஊற்றினாள்.

"நெஞ்சு அடைக்காதுண்ணே. காலையில நான் அரிசி களைஞ்ச தண்ணி அது. வாடைக்கு மட்டும் உங்க கடை மருந்து நாலு சொட்டு விட்டேன். உங்க மருந்தைவிட எவ்வளவோ தேவலாம்... இதை ஊத்தினா செடியாச்சும் வளரும்."